பறப்பது நாலு மணி நேரம்தானே, பிறகு ஏன் களைப்பு?

வாசகர் கடிதம் (சுருக்கம்)

கடிதம் எழுதியவருக்கு வயது 28. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் ஒரு நிறுவனத்தில், ஏடிஆர் 72 என்ற டர்போப்ராப் (சுழலும் காற்றாடி கொண்ட) விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக இருக்கிறார். வீடு மதுரையில், பேஸ் (பணி தொடங்கி முடியும் ஊர்) பெங்களூருவில். (ஊர்களையும் சில விவரங்களையும் ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.) விமானிப் பயிற்சிக்காக அப்பா வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு மாதம் 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல் தவணை போகிறது. வேலையில் சேர்ந்து 14 மாதம் ஆகிறது.

"பல நாள் காலை 6.10-க்கு ரிப்போர்ட்டிங், ஆறு செக்டர் (ஏறி இறங்கும் ஒரு பயணம் ஒரு செக்டர்). ஒவ்வொன்றும் 45 நிமிடம், ஒரு மணி நேரம். இடையில் தரையில் நிற்கும் 25 நிமிடத்தில் எரிபொருள், பேப்பர், வானிலை. சாப்பாடு காக்பிட்டில்தான், அதுவும் பாதி. முதல் நாள் மாலை ரோஸ்டர் (பணி அட்டவணை) மாறும். வீட்டில் கேட்டால், 'நாலு மணி நேரம்தானே பறக்கிறாய்' என்கிறார் மாமா. ஓய்வு நாளில் மதுரைக்குப் போய்விட்டு இரவு பஸ்ஸில் பெங்களூரு வந்து, அப்படியே ஏர்போர்ட்டுக்குப் போன நாட்களும் உண்டு. போன மாதம் ஒரு நாள், இறங்குவதற்கு முந்தைய செக்லிஸ்ட்டில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். கேப்டன் பார்த்துவிட்டார். அன்று இரவு தூக்கமே வரவில்லை. நண்பன் கொடுத்த ஒரு தூக்க மாத்திரையைப் போட்டேன்."

மூன்று வருட பாண்ட், அதற்குள் விலகினால் 25 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். சேரும்போது தேதியும் தொகையும் எழுதாத மூன்று காசோலைகளில் கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்போது பெரிய விமானங்கள் ஓட்டும் ஒரு நிறுவனத்தில் வாய்ப்பு வந்திருக்கிறது. அவர் கேட்பவை: பாண்ட் சட்டப்படி செல்லாதுதானே, நோட்டீஸ் கொடுக்காமல் போய்விடலாமா? ஃபட்டீக் ரிப்போர்ட் (களைப்பு பற்றிய அறிக்கை) போட்டால் கேப்டன் ஆகும்போது அதைக் காட்டித் தடுப்பார்களா? நான் போட்ட லீவை வாராந்திர ஓய்வில் கழித்துவிட்டார்கள், இது சட்ட விரோதம் இல்லையா? பேஸில் சிலர் "எல்லோரும் ஒரே நாளில் சிக் லீவ் போடுவோம், அப்போதுதான் புரியும்" என்கிறார்கள், சேரலாமா?

வழக்கறிஞரின் பதில்

தம்பி, முதலில் உங்கள் மாமாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நம்ப ஆள் இல்லாவிட்டால் உங்களுக்கே உங்கள் களைப்பின் மேல் சந்தேகம் வந்துவிடும். கடிதத்தில் அந்தச் சந்தேகம் தெரிகிறது.

உங்கள் லாக் புத்தகத்தில் ஏறுவது நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரையான நேரம் மட்டும். ஆனால் சட்டம் உங்கள் நாளை வேறு மாதிரியும் அளக்கிறது. ரிப்போர்ட் செய்த நிமிடத்திலிருந்து கடைசி விமானம் வந்து நிற்கும் வரை முழுவதும் பணி நேரம். அதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பு எல்லா நாளும் ஒன்றல்ல, லேண்டிங் எண்ணிக்கை கூடக் கூட அது குறையும். இரண்டு லேண்டிங்குக்கு அனுமதிக்கும் நீளத்தை ஆறு லேண்டிங்குக்கு அனுமதிக்க மாட்டார்கள். காரணம் எளிது. விமானிக்கு வேலை கெட்டியாக இருப்பது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். டில்லியிலிருந்து லண்டன் போகிறவருக்கு அது ஒரு முறை. உங்களுக்கு ஒரே நாளில் ஆறு முறை. வெளியூர் பஸ் ஓட்டுகிறவரைவிட டவுன் பஸ் ஓட்டுகிறவருக்கு கிலோமீட்டர் குறைவு, தோள்வலி அதிகம். மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போகாது. ஜெட் விமானங்கள் மேலே ஏறித் தாண்டிவிடும் மேகத்துக்குள் நீங்கள் குலுங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். களைப்பு நியாயமானதுதான்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய வரிசையில் இல்லை. எது அவசரமோ அது முதலில்.

அந்த மாத்திரை

கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த வரிதான். மாத்திரையின் பெயர் நீங்கள் எழுதவில்லை. நம் ஊரில் நண்பர்கள் கைமாற்றிக்கொள்ளும் தூக்க மாத்திரை பெரும்பாலும் அல்பிரஸோலம் மாதிரி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். அது பென்ஸோடயஸெபின் வகை. 2022 ஜனவரி 31 முதல் விமானிகளுக்கு முன்னறிவிப்பில்லாத போதைப்பொருள் சோதனை நடைமுறையில் இருக்கிறது. சோதிக்கும் பட்டியலில் கஞ்சா, கொக்கெய்ன், ஓபியம் வகைகள், ஆம்ஃபெட்டமின் ஆகியவற்றோடு பென்ஸோடயஸெபினும் இருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் நண்பன் கொடுத்த மாத்திரை உங்கள் சிறுநீரில் தெரிந்தால், "தூக்கம் வரவில்லை சார்" என்பது பதிலாகாது. கோடெய்ன் கலந்த இருமல் மருந்துக்கும் இதே கதை. மூச்சுச் சோதனை இருப்பதால் ஆல்கஹால் கலந்த டானிக்கையும் மவுத்வாஷையும் தவிர்க்கிற பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். மாத்திரை விஷயத்திலும் அதே பயம் வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். அந்த மாத்திரையின் மந்தம் மறுநாள் காலை வரை தங்கக்கூடியது. இனி தூக்கத்துக்கு எதையும் விழுங்கும் முன் விமான மருத்துவம் தெரிந்த டாக்டரைப் பாருங்கள். "தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மெடிக்கல் (மருத்துவத் தகுதிச் சான்று) போய்விடும்" என்று விமானிகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. சொல்லி மருத்துவம் பார்த்துக்கொண்டவர்களைவிட, மறைத்து மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் சிக்கல் பெரிதாகும்.

இரவு பஸ்

இதை நீங்கள் விரும்பிக் கேட்கப் போவதில்லை. உங்கள் களைப்பில் ஒரு பகுதி நிறுவனம் தந்தது. இன்னொரு பகுதி மதுரை பஸ் தந்தது.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விழுந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தார்கள். அதுவும் உங்களுடையதைப் போல டர்போப்ராப் விமானம், பிராந்திய நிறுவனம். அதன் துணை விமானி சியாட்டிலில் இருந்து இரவெல்லாம் சரக்கு விமானங்களில் பயணித்து, நியூவர்க் வந்து, க்ரூ அறையில் கண்ணயர்ந்துவிட்டு வேலைக்குப் போனவர். கேப்டனும் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்தான். ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தூக்கும் விசையை இழக்கப்போகிறது என்ற எச்சரிக்கை) வந்தபோது கேப்டன் அதற்கு நேர்மாறாகச் செயல்பட்டதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை அமைப்பு சொன்னது. களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றும் எழுதியது. துணை விமானியின் சம்பளம் எவ்வளவு குறைவு என்பதும் அப்போது வெளியே வந்து பெரிய பேச்சானது. அந்த விபத்துக்குப் பிறகுதான் அங்கே விமானிகளின் பணி நேர விதிகளை மாற்றி எழுதினார்கள். 2014 ஜனவரியில் அவை நடைமுறைக்கு வந்தன.

நம் விதிகளிலும் ஓய்வு இரு பக்கக் கடமை. ஓய்வுக்கு நேரம் ஒதுக்குவது நிறுவனத்தின் பொறுப்பு. அந்த நேரத்தில் ஓய்வெடுத்துவிட்டு, பறக்கத் தகுதியான நிலையில் வருவது உங்கள் பொறுப்பு. நாளைக்கு ஏதாவது நடந்து விசாரணை வந்தால், ரோஸ்டரோடு உங்கள் பஸ் டிக்கெட்டையும்தான் எடுத்து மேசையில் வைப்பார்கள். அந்த ஒரு தாள் போதும், உங்கள் நியாயம் எல்லாம் அடிபட்டுப் போகும்.

மதுரைக்குப் போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் டியூட்டிக்கு முந்தைய இரவு பெங்களூருவில் உங்கள் கட்டிலில் கழிய வேண்டும். முந்தைய மதியமே கிளம்பிவிடுங்கள். அது முடியாத வாரம் போகாதீர்கள், அவர்களை வரச் சொல்லுங்கள்.

வாராந்திர ஓய்வு: நீங்கள் நினைப்பதும் நடப்பதும்

விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் வெளியிட்ட திருத்திய பணி நேர விதிகள் பலமுறை தள்ளிப்போய், டில்லி உயர் நீதிமன்ற வழக்குக்குப் பிறகு, 2025 ஜூலை 1-லும் நவம்பர் 1-லும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. இவற்றில் இரவுப் பணிக்கான கட்டுப்பாடுகள்தான் பத்திரிகைகளில் அதிகம் வந்தன. நள்ளிரவில் ஜெட் ஓட்டுகிறவர்களுக்கு அவை பெரிய நிம்மதி. பகலில் ஓடும் ஏடிஆர்காரருக்கு அவற்றால் அவ்வளவு பயனில்லை. உங்களுக்குப் பயன்படுவது வேறு: வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது.

அந்த 48-ஐ மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். அதற்குள் இரண்டு "உள்ளூர் இரவு" அடங்க வேண்டும். இரவு 10 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையில் எட்டு மணி நேரம் முழுசாகக் கிடைத்தால்தான் அது ஒரு இரவு. ஒரு உதாரணம். வியாழன் இரவு தாமதமாகி உங்கள் பணி வெள்ளி அதிகாலை 12.20-க்கு முடிகிறது. அடுத்த ரிப்போர்ட்டிங் ஞாயிறு காலை 5.30. கணக்குப் பார்த்தால் 53 மணி நேரம் ஓய்வு. கம்ப்யூட்டர் பச்சை காட்டும். ஆனால் வெள்ளி விடியலில் உங்களுக்குக் கிடைத்தது 12.20 முதல் 8 வரை, ஏழு மணி 40 நிமிடம்தான். அது இரவாகாது. சனி இரவு 10 முதல் ஞாயிறு 5.30 வரை ஏழரை மணி நேரம், அதுவும் இரவாகாது. ஆக, வெள்ளி இரவு ஒன்றுதான் தேறுகிறது. 53 மணி நேரம் இருந்தும் வாராந்திர ஓய்வு கிடைக்கவில்லை. தாமதம் ஆன நாட்களில்தான் இப்படி விட்டுப்போகும், ஏனென்றால் ரோஸ்டர் போட்டபோது எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். உங்கள் உண்மையான முடிவு நேரங்களை வைத்து கடந்த மூன்று மாதத்தைச் சரிபாருங்கள். ஒரு ஓய்வு முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை 168 மணி நேரத்தைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், இப்போது நள்ளிரவு முதல் காலை 6 வரை இரவு என்று கணக்கு. எனவே 5.30 ரிப்போர்ட்டிங் என்றாலே இரவுப் பணிக்கான கட்டுப்பாடுகள் அந்த நாளைத் தொடும். உங்கள் நிறுவனத்துக்கு டிஜிசிஏ அங்கீகரித்த பணி நேரத் திட்டம் ஆபரேஷன்ஸ் மேனுவலில் இருக்கும். அதைப் படியுங்கள். பேஸில் பேசிக்கொள்வது சட்டம் ஆகாது.

லீவ் விஷயத்தில் உங்கள் வாதம் ஒரு காலத்தில் சரி. வாராந்திர ஓய்வுக்குப் பதிலாக லீவைக் கணக்கில் வைக்கக் கூடாது என்ற அறிவுறுத்தல் இருந்தது. 2025 டிசம்பரில் நாடு முழுக்க விமானங்கள் ரத்தாகி ஏர்போர்ட்டுகளில் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு கிடந்தார்களே, அப்போது, டிசம்பர் 5 அன்று, டிஜிசிஏ அதைத் திரும்பப் பெற்றது. அதனால் "லீவைக் கழித்ததே குற்றம்" என்று கடிதம் எழுதினால், அந்தச் சுற்றறிக்கையை எடுத்து நீட்டிவிடுவார்கள். அதற்குப் பதில், லீவ் போட்ட தேதி, அன்று நடைமுறையில் இருந்த உத்தரவு, உங்கள் திட்டத்தில் உள்ள வாசகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திரும்பப் பெற்றது அந்த அறிவுறுத்தலை மட்டும்தான். 48 மணி நேர ஓய்வு அப்படியே இருக்கிறது. கேள்வியை அங்கே வைத்துக் கேளுங்கள்.

ஃபட்டீக் ரிப்போர்ட்

சிக் லீவும் ஃபட்டீக் ரிப்போர்ட்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் படுத்தால், ரோஸ்டரில் என்ன கோளாறு என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். உங்கள் பெயரில் "அடிக்கடி உடம்பு சரியில்லை" என்பது மட்டும் ஏறும். ஃபட்டீக் ரிப்போர்ட் ரோஸ்டரைப் பற்றியது. அதை ரகசியமாகக் கையாள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது, வந்த ரிப்போர்ட்டுகளை ஆராய்ந்து எடுத்த நடவடிக்கையோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதெல்லாம் புதிய விதிகளோடு வந்தவை.

தாளில் இருப்பதெல்லாம் நடைமுறையில் இருக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதவி உயர்வு தள்ளிப்போனால், அதற்குக் காரணம் இந்த ரிப்போர்ட்தான் என்று நிரூபிப்பது கஷ்டம். அந்த அபாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் எழுதும் விதம் முக்கியம். "ரொம்பக் களைப்பாக இருக்கிறது, மனிதனை மனிதனாக நடத்துங்கள்" என்று எழுதினால் அது புலம்பல். தேதி, ரிப்போர்ட்டிங் நேரம், செக்டர் எண்ணிக்கை, முடிந்த நேரம், கடந்த மூன்று இரவுகளில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எந்தக் கட்டத்தில் என்ன தவறியது என்று எழுதினால் அது ஆவணம். செக்லிஸ்ட்டில் ஒரு வரி விட்டுப்போனதையும் அதில் எழுதலாம். மறைக்க வேண்டிய குற்றம் இல்லை அது. ஆனால் தூங்கின நேரத்தை உண்மையாக எழுதுங்கள், பஸ்ஸில் கழிந்த இரவு உட்பட. உங்கள் பஸ் இரவுக்கு நிறுவனத்தைக் குற்றம் சொல்லும் ரிப்போர்ட் ஒன்று போதும், மற்ற எல்லா ரிப்போர்ட்டையும் ஒதுக்கிவிடுவார்கள்.

களைப்பாக இருக்கும்போது பறக்காமல் இருப்பதை யாரோ தரும் சலுகை என்று நினைக்காதீர்கள். உங்கள் லைசென்ஸோடு சேர்ந்த கடமை அது. அன்றைய பணி நீளும்போது கேப்டன்தான் முடிவெடுப்பார், ஆனால் உடன் இருப்பவரைக் கலந்துகொண்டு. அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். "சார், நான் ஃபிட் இல்லை" என்று ஒரு வாக்கியம் போதும். மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் நம் ஊரில் எல்லா வேலையிலும் உண்டு, காக்பிட்டில் அதற்கு விலை அதிகம். 2010 மே 22 அன்று மங்களூருவில் 158 பேர் இறந்த விபத்தில், கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கியது குரல் பதிவில் தெரிந்தது. இறங்கும்போது பக்கத்தில் இருந்த துணை விமானி "கோ அரவுண்ட்" (இறங்காமல் மறுபடி மேலே ஏறு) என்று சொன்னார். சொல்லியும் விமானம் இறங்கியது. சரியான வார்த்தை வாயில் வந்தும் அன்று பலன் இல்லை. அப்படியிருக்க, வாயே திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

எல்லோரும் சேர்ந்து சிக் லீவ்

வேண்டாம். 2017-ல் டிஜிசிஏ வெளியிட்ட விதியே, விமானிகள் கூட்டாகச் செய்யும் செயலால் கடைசி நேரத்தில் விமானங்கள் ரத்தானால் அதைப் பொதுநலனுக்கு எதிரானது என்று பார்க்கிறது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்கள் பலர் ஒரே நேரத்தில் உடல்நலக் குறைவு என்று சொன்னபோது, நிறுவனம் சிலரை உடனே வேலைநீக்கம் செய்தது. தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் பேச்சு நடந்து அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது உண்மை. அவர்கள் பின்னால் ஒரு சங்கம் நின்றது, எண்ணிக்கையும் இருந்தது. உங்கள் பேஸில் நீங்கள் எத்தனை பேர்? வாட்ஸ்அப் குழுவில் முதலில் "நான் ரெடி" என்று எழுதுபவரின் ஸ்கிரீன்ஷாட்தான் முதலில் வெளியே போகும். கூட்டாகச் செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் அவரவர் ஃபட்டீக் ரிப்போர்ட்டை உண்மையாகப் போடுங்கள். ஒரே ரோஸ்டர் முறையைப் பற்றி ஏழெட்டுப் பேர் தனித்தனியாக எழுதியிருப்பதைக் குப்பையில் போடுவது சுலபமில்லை.

பாண்ட், நோட்டீஸ், காசோலை

இணையத்தில் படித்துவிட்டு "இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-ன்படி பாண்ட் செல்லாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைப் பற்றியது. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் பாண்டை அது தானாக ரத்து செய்துவிடாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்று சொன்னது. அதை வைத்து உங்கள் 25 லட்சமும் அப்படியே செல்லும் என்று முடிவுகட்ட வேண்டாம். பிரிவு 74-ன்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதுதான் கேள்வி. உங்கள் டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டும் தகுதி) பயிற்சிக்கு நிறுவனம் உண்மையில் எவ்வளவு செலவழித்தது, ஒரு பகுதியை நீங்களே கட்டினீர்களா, 36 மாதத்தில் 14 மாதம் வேலை செய்தது கழியுமா என்று மூன்று கேள்வி கேட்கலாம். பயிற்சிச் செலவை நீங்களே கட்டியிருந்தால் நிறுவனத்தின் வாதம் வெகுவாக இளைத்துவிடும். ரசீதுகளைத் தேடி எடுங்கள்.

உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. பணம் கேட்க முடியும், அவ்வளவுதான். ஆனால் நோட்டீஸ் தனி விஷயம். 2017 விதியின்படி கேப்டனுக்கு ஒரு வருடம், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம். இதை எதிர்த்து விமானிகள் டில்லி உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் பணி ஒப்பந்தத்திலேயே ஆறு மாதம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். 2023-ல் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகிய விமானிகள் மீது ஆகாசா ஏர் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போனது. எல்லா நிறுவனமும் அப்படிப் போவதில்லை, ஆனால் போகலாம் என்று காட்டிவிட்டார்கள். லைசென்ஸ் ரத்தாகிவிடும் என்று ஹெச்ஆர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். லைசென்ஸ் தருவது டிஜிசிஏ, அதைப் பறிக்க ஹெச்ஆருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பழைய இடத்தின் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) இல்லாமல் புதிய இடத்தில் சேருவது சங்கடம். அதனால் அதைச் சுமுகமாக வாங்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

காசோலைகளை "வெறும் தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை வைத்திருப்பவர் அதை நிரப்பி வங்கியில் போட முடியும். திரும்பி வந்தால் 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். நோட்டீஸ் கையில் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-ன் கீழ் குற்ற வழக்கு. கணக்கை மூடினாலும், பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுதினாலும் அதிலிருந்து தப்ப முடியாது. கடனுக்காகத்தான் காசோலை கொடுக்கப்பட்டது என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் வேலை. காட்ட முடியும், பலர் காட்டியிருக்கிறார்கள், ஆனால் அதற்குள் சில வருடம் கோர்ட் படியேற வேண்டும். எனவே விலகும் பேச்சில் முதல் நிபந்தனையாக அந்த மூன்று காசோலைகளைத் திருப்பித் தருவதை எழுத்தில் வையுங்கள். காசோலை எண்கள் உங்கள் வங்கிச் செயலியில் தெரியும், இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

போவதா, இருப்பதா?

முடிவு உங்களுடையது. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஓய்வு இல்லை என்பதற்காகப் பெரிய விமானத்துக்குப் போகிறீர்கள் என்றால் காரணம் தப்பு. அங்கே செக்டர் குறையும், ஆனால் நள்ளிரவுப் பணி வரும். புது டைப் ரேட்டிங், அதற்கு ஒரு செலவு, அதற்கு ஒரு புது பாண்ட். சம்பளத்துக்காகவும் முன்னேற்றத்துக்காகவும் போகிறீர்கள் என்றால் போங்கள், அது நியாயமான காரணம். வீட்டின் மேல் கடன் இருக்கிறவர் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. புதிய நிறுவனத்திடம் மூன்றைக் கேளுங்கள்: ஆறு மாதம் காத்திருப்பார்களா, பாண்ட் தொகையில் பங்கு தருவார்களா, பேஸ் எங்கே? மதுரைக்கு எளிதாகப் போய்வரக்கூடிய பேஸ் கிடைத்தால் உங்கள் வாழ்க்கையில் அது இரண்டு மூன்று செக்டர் குறைந்ததற்குச் சமம். நியமனக் கடிதம் கையில் வருவதற்கு முன் இங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள். ஆறு மாதம் காத்திருப்பதாக எழுதித் தரமாட்டார்கள், நாளைக்கே வா என்கிறார்கள் என்றால், உங்கள் பழைய நிறுவனத்தின் விமானிகளை இப்படி இழுக்கிறவர்கள் நாளைக்கு உங்களிடமும் அதே ஆறு மாதத்தைக் கேட்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இருக்கத்தான் போகிறீர்கள் என்றால், பேஸ் மாற்றம் கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். வாய்வழிச் சம்மதம் எதற்கும் கணக்கில்லை. க்ரூ ஷெட்யூலிங்கிலிருந்து போனில் ரோஸ்டரை மாற்றினால், பேசி முடித்ததும் "நீங்கள் சொன்னபடி நாளை 6.10-க்குப் பதில் 5.30" என்று ஒரு வரி மெயில் அனுப்பிவிடுங்கள். முதலில் வெளியிட்ட ரோஸ்டரையும் கடைசியில் பறந்ததையும் மாதாமாதம் உங்கள் சொந்தக் கணினியில் சேமியுங்கள். வேலையை விடும் நாளில் நிறுவனச் செயலி மூடிவிடும், அதன்பின் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பாண்ட் பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும், குறிப்பாக "பயிற்சிச் செலவு" என்ற சொல் வரும் பக்கத்தையும், டைப் ரேட்டிங் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு மதுரையிலோ பெங்களூருவிலோ ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அவர் பத்திரத்தைப் படிக்கும் வரை ஹெச்ஆரின் எந்த மெயிலுக்கும் "ஒப்புக்கொள்கிறேன்" என்று பதில் போடாதீர்கள். "கிடைத்தது, பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதுங்கள்.